மூன்றாவது ஊசியும் பிறபொருளெதிரிப் பரம்பரையலகும்

கடந்த வருடம் என் தம்பிக்கு ஆறு மாதம் பூர்த்தியானபோது உம்மாவுடன் நானும் கிளினிக்குக்குச் செல்ல ஆயத்தமானேன். பக்கத்து வீட்டு மாமியின் குழந்தைக்கும் அதே வயது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு பிள்ளைக்கு இரவு முழுவதும் காய்ச்சல் என்பதால் மாமிக்கு இம்முறை வர மனமில்லை. தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தபடியே என்னிடம் கேட்டார்: "ஒரே ஊசியத்தானே புள்ள மூணு தரம் குத்துறாங்க? ரெண்டு போட்டாச்சு. மூணாவது என்னத்துக்கு? நீ பயோ படிக்கிறாய் தானே, சொல்லு பாப்பம்."

"எதிர்ப்புச் சக்தி கூடும் மாமி" என்றேன்.

"ரெண்டுல கூடினது போதாதா?"

பதில் வரவில்லை. அன்று இரவு குறிப்புக் கொப்பியைப் புரட்டினேன். "இரண்டாம் நிலைத் தூண்டற்பேறு விரைவானது, செறிவு கூடியது" என்று எழுதியிருந்தேன். வரைபும் கீறியிருந்தேன். ஆனால் அந்த வரைபு அளவை மட்டுமே காட்டியது. உண்மையில் கூடுவது அளவு மட்டுமல்ல, பிறபொருளெதிரியின் தரமும் கூடுகிறது என்பதை எமது உயிரியல் ஆசிரியையிடம் கேட்டபோதுதான் அறிந்தேன். "பரீட்சைக்கு இவ்வளவும் வராது, ஆனாலும் வாசியுங்கள்" என்று சொல்லித்தான் அவர் எனக்கு வாசிக்கத் தந்தார். வாசித்ததில் நான் விளங்கிக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். "ஓர் உடலின் எல்லாக் கலங்களிலும் உள்ள டி.என்.ஏ ஒன்றே" என்று நாம் எல்லோரும் மனனம் செய்திருக்கிறோம். தோற் கலமாயினும் ஈரற் கலமாயினும் ஒரே நூல்தான், வாசிக்கப்படும் பக்கம்தான் வேறு. இந்த வசனம் எமது குருதியிலுள்ள பி கலங்களுக்குப் பொருந்தாது. பிறபொருளெதிரியை ஆக்கும் இக்கலங்கள் தம் நூலையே வெட்டி, ஒட்டி, எழுத்துகளையும் மாற்றிவிடுகின்றன.

ஏன் வெட்ட வேண்டும்? பிறபொருளெதிரி என்பது ஆங்கில எழுத்தான வை வடிவிலான புரதம். அதில் இரண்டு பாரமான சங்கிலிகளும் இரண்டு இலேசான சங்கிலிகளும் உண்டு. இரு கைகளின் நுனியும் மாறும் பிரதேசம் எனப்படும். பிறபொருளெதிரியாக்கியைப் பிடிப்பது அதுவே. மீதி, மாறாப் பிரதேசம். நாம் வாழ்நாளில் சந்திக்கப்போகும் கிருமிகள் எவையென்று உடலுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே எது வந்தாலும் பிடிக்கக்கூடிய இலட்சக்கணக்கான, கோடிக்கணக்கான வடிவங்கள் தயாராக இருக்க வேண்டும். மனிதனிடம் புரதத்துக்கான பரம்பரையலகுகள் மொத்தமாகவே ஏறத்தாழ 20,000 தான். ஒவ்வொரு பிறபொருளெதிரிக்கும் தனித்தனிப் பரம்பரையலகு என்றால் கணக்கு எங்கே போய் முடியும்?

1965இல் டிரையர், பெனற் என்ற இருவர் ஒரு துணிச்சலான கருத்தை வெளியிட்டனர். ஒரே சங்கிலியை இரண்டு பரம்பரையலகுகள் சேர்ந்து ஆக்குகின்றன, பிறப்பின்போது தள்ளித்தள்ளி இருக்கும் அவை பின்னர் அருகருகே கொண்டுவரப்படுகின்றன என்பதே அது. ஒரு பரம்பரையலகுக்கு ஒரு பல்பெப்தைட்டு என்பது அசைக்கமுடியாத விதியாக இருந்த காலம் அது. பதினொரு வருடங்களின் பின் 1976இல், சுவிற்சர்லாந்தின் பாசல் நகர நிர்ப்பீடன ஆய்வு நிறுவகத்தில் ஹொசுமி, தொனெகாவா ஆகிய இரு ஜப்பானியர்கள் அதைச் சோதித்துக் காட்டினர்.

அச்சோதனை எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. எலியின் முளையத்திலிருந்து டி.என்.ஏயை எடுத்தார்கள். பிறபொருளெதிரியை ஆக்கிக்கொண்டிருக்கும் எலியின் புற்றுநோய்க் கலத்திலிருந்தும் டி.என்.ஏயை எடுத்தார்கள். இரண்டையும் ஒரே வெட்டு நொதியத்தால் வெட்டி, துண்டுகளை ஜெல் மீது நீளத்தின்படி பிரித்தார்கள். முளையத்தில் மாறும் பிரதேசத்துக்குரிய துண்டு ஓரிடத்திலும் மாறாப் பிரதேசத்துக்குரிய துண்டு வேறோரிடத்திலும் காணப்பட்டன. மற்றைய கலத்தில் இரண்டும் ஒரே துண்டிலேயே இருந்தன. இடையில் டி.என்.ஏ நகர்ந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. 1987இல் தொனெகாவாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது இந்த மீள்சேர்க்கையின் விபரம் நன்கு தெரியும். மனிதனின் 14ஆம் நிறமூர்த்தத்தில் பாரமான சங்கிலிக்கென வி என்னும் துண்டங்களில் தொழிற்படக்கூடியவை ஏறத்தாழ 40, டி துண்டங்கள் ஏறத்தாழ 23, ஜே துண்டங்கள் 6 இருக்கின்றன. என்பு மச்சையில் வளரும் ஒவ்வொரு பி கலமும் ஒரு வி, ஒரு டி, ஒரு ஜே என்று தெரிந்து இணைக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 5,520 வகை. இலேசான சங்கிலிக்கு 2ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களில் வி, ஜே துண்டங்கள் மட்டும் உள்ளன. அவை சேரும் விதங்கள் ஏறத்தாழ 320. எந்தப் பாரமான சங்கிலியும் எந்த இலேசான சங்கிலியுடனும் சேரலாம் என்று கொண்டால் மொத்தம் பதினேழு இலட்சத்துக்கும் மேல். நூற்றுக்குச் சற்றுக் கூடிய துண்டங்களிலிருந்து இவ்வளவு! பெருநாளைக்கு மாமி வீட்டில் ஒரே நான்கைந்து துணி வகைகளில் கையை இதிலும் கழுத்தை அதிலும் மாற்றி மாற்றித் தைத்து ஊரில் எந்த இருவரின் உடுப்பும் ஒன்றாக இல்லாமல் செய்வது எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் தையலில் உண்மையான வேலை இணைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. இங்கும் அப்படியே. துண்டங்களின் ஓரத்தில் "இங்கே வெட்டு" என்ற அடையாளத் தொடரி ஒன்று உண்டு. ராக் எனப்படும் நொதியத் தொகுதி அதை அடையாளம் கண்டு இரு பட்டிகைகளையும் வெட்டுகிறது. வெட்டிய முனைகள் கொண்டையூசி போல வளைந்து மூடிக்கொள்கின்றன. பிறகு இன்னொரு நொதியம் அக்கொண்டையூசியைத் திறக்கிறது, பெரும்பாலும் நடுவில் அல்லாமல் சற்று விலகிய இடத்தில். அதனால் முனை ஒழுங்கற்றதாகிறது. சில எழுத்துகள் உதிர்கின்றன. ரிடிரி என்னும் நொதியம் வந்து அச்சுப் பட்டிகை எதையும் பார்க்காமலே நியூக்கிளியோதைட்டுகளைச் சேர்க்கிறது. அதன் பின்பே முனைகள் ஒட்டப்படுகின்றன.

இதைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். டி.என்.ஏ பொலிமரேசு எப்போதும் ஓர் அச்சைப் பார்த்தே எழுதும் என்று படித்திருக்கிறோம். இங்கே ஒரு நொதியம் பார்க்காமல் எழுதுகிறது! தந்தையிடமோ தாயிடமோ இல்லாத எழுத்துத் தொடர் ஒன்று அந்த மூட்டில் பிறக்கிறது. பிறபொருளெதிரியாக்கியைத் தொடும் பகுதியின் நடுவில் இருப்பதும் அந்த மூட்டுத்தான். ஆகவே மீள்சேர்க்கை புதிய சேர்மானங்களை மட்டும் தருவதில்லை. வெட்டுவதும் ஒட்டுவதும் எழுத்து மாற்றத்துக்கே வழி திறக்கின்றன. இதனால் வகைகளின் எண்ணிக்கை இலட்சங்களைத் தாண்டிப் பலகோடியாகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எழுத்துகள் மும்மூன்றாக வாசிக்கப்படுவதால் எழுந்தமானமாகச் சேர்த்தவற்றில் மூன்றில் ஒன்றே வாசிப்புச் சட்டகத்துக்குப் பொருந்தும். மூன்றில் இரண்டு முயற்சி வீண். மற்ற நிறமூர்த்தத்தில் மீண்டும் முயற்சிக்கலாம், அதுவும் தவறினால் அக்கலம் இறந்துவிடும்.

இதுவரை சொன்னது கிருமி எதுவும் வருவதற்கு முன் நடப்பது. மாமியின் கேள்விக்கு விடை இதற்குப் பின்னால் இருக்கிறது.

1964இல் ஐசன், சிஸ்கின்ட் ஆகியோர் முயல்களுக்குப் பிறபொருளெதிரியாக்கி ஒன்றை ஏற்றி, வாரங்கள் செல்லச்செல்ல அவற்றின் குருதியிலுள்ள பிறபொருளெதிரியைப் பரிசோதித்தனர். பிந்திய வாரங்களில் கிடைத்தவை முந்தியவற்றைவிட மிக இறுக்கமாகப் பிடித்தன. ஊசி ஒன்றே, முயல் ஒன்றே, பிறபொருளெதிரி மட்டும் திறமையாகிக்கொண்டே போகிறது. எப்படி?

கிருமியோ தடுப்பூசியோ உள்ளே வந்ததும் அதற்கு ஓரளவு பொருந்தும் பி கலங்கள் நிணநீர்க்கணுவுக்குள் கூடிப் பெருகத் தொடங்குகின்றன. அவ்விடம் முளை மையம் எனப்படும். அங்கு மாறும் பிரதேசத்தின் பரம்பரையலகில் மட்டும் விகாரம் அசுர வேகத்தில் நிகழ்கிறது. சாதாரணமாக ஒரு கலப்பிரிவில் ஓர் எழுத்துப் பிழையாகும் வாய்ப்பு நூறு கோடிக்கு ஒன்று என்ற மட்டில் இருக்கும். இங்கே ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. பத்து இலட்சம் மடங்கு! மாறும் பிரதேசம் ஒன்றில் ஏறத்தாழ 110 அமினோவமிலங்கள், அதாவது 330 எழுத்துகள். இரு சங்கிலிக்கும் 660. எனவே மூன்று பிரிவுக்கு இரண்டு மாற்றம் என்ற கணக்கு வருகிறது.

மாற்றங்களில் பல பயனற்றவை, சில கெடுதலானவை. மிகச் சில பிடியை இறுக்கும். முளை மையத்தில் பிறபொருளெதிரியாக்கி குறைவாகவே இருப்பதால் நன்றாகப் பிடிக்கும் கலத்துக்கே அது கிடைக்கும், ரி கலத்தின் உதவியும் கிடைக்கும். மற்றவை இறக்கும். டார்வின் காலாபகோசுத் தீவுகளில் கண்டதை விளங்கப் பல்லாயிரம் வருடங்கள் வேண்டும். இங்கு அதே இயற்கைத் தெரிவு ஒருவரின் கழுத்திலுள்ள கணுவுக்குள் இரண்டு மூன்று வாரங்களில் நடந்து முடிகிறது. காய்ச்சல் காலத்தில் கழுத்தில் கட்டி போல் தட்டுப்படுமே, அந்த இடம்தான்.

"விகாரம்" என்ற சொல்லைப் பற்றி ஒரு முறைப்பாடு சொல்ல விரும்புகிறேன். வீட்டில் இச்சொல்லைச் சொன்னால் அசிங்கம் என்றே விளங்கிக்கொள்வார்கள். எமது பாடத்திலும் அரிவாட்கல நோய், புற்றுநோய் என்று கெட்ட உதாரணங்களே அதிகம். உடல் தானாகவே விரும்பி, ஒரு குறித்த இடத்தில், ஒரு குறித்த காலத்துக்கு விகாரத்தை அழைக்கிறது என்பதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? இவ்விகாரம் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை என்பதையும் பெற்றோருக்காகச் சொல்லிவைக்கிறேன். முட்டையிலும் விந்திலும் இருக்கும் நூல் தொடப்படுவதில்லை.

இனி முக்கியமான கேள்வி. இந்த விகாரத்தை உண்டாக்குவது எது? 1966இல் பிரெனர், மில்ஸ்டைன் இருவரும் ஓர் ஊகத்தை எழுதினர். ஏதோ ஒரு நொதியம் அவ்விடத்தில் டி.என்.ஏயை வெட்டுகிறது, திருத்த வரும் நொதியம் பிழையாகத் திருத்துகிறது என்று. அப்போது அதற்கு ஆதாரம் இல்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக அந்த நொதியம் அகப்படவும் இல்லை.

1999இல் ஜப்பானின் கியோட்டோவில் ஹொன்ஜோவின் ஆய்வுகூடம் ஏஐடி என்னும் நொதியத்தைக் கண்டுபிடித்தது. (இவருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அல்ல, புற்றுநோய்ச் சிகிச்சை தொடர்பான வேறொரு கண்டுபிடிப்புக்காக.) அவர்கள் தேடிக்கொண்டிருந்தது விகாரத்தை அல்ல, இன்னொரு மீள்சேர்க்கையை. பி கலம் முதலில் ஐஜிஎம் வகைப் பிறபொருளெதிரியை ஆக்கும். பின்னர் நுனியை மாற்றாமல் மாறாப் பிரதேசத்தை மட்டும் வெட்டி மாற்றி ஐஜிஜி, ஐஜிஏ என்று வகை மாறும். அதற்கான நொதியத்தைத் தேடியவர்கள் 2000இல் ஏஐடி இல்லாத எலிகளைப் பார்த்தபோது, வகைமாற்றம் மட்டுமல்ல, விகாரமும் முற்றாக நின்றுபோயிருந்தது. அதே வருடம் பிரான்சிலும் ஜப்பானிலும் இருந்த ஆய்வாளர்கள் ஏஐடி பழுதடைந்த மனிதர்களிலும் இதையே கண்டனர். மீள்சேர்க்கைக்கும் விகாரத்துக்கும் சாவி ஒன்றே!

ஏஐடி செய்வது மிகச் சிறிய வேலை. சைற்றோசினிலிருந்து ஓர் அமினோக் கூட்டத்தை நீக்கி அதை யுராசிலாக மாற்றுகிறது. யுராசில் ஆர்.என்.ஏயில் இருக்க வேண்டியது, டி.என்.ஏயில் அந்நியம். அதற்குப் பிறகு கலம் என்ன செய்கிறது என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இரட்டிப்படைந்தால் யுராசில் தைமின் போல வாசிக்கப்பட்டு எழுத்து மாறிவிடும். யுராசிலை ஒரு நொதியம் வெட்டி நீக்கினால் அவ்விடம் வெற்றிடமாகும், எதிரே எந்த எழுத்தும் வரலாம். சுற்றியுள்ள ஒரு துண்டையே நீக்கி மீண்டும் எழுதினால், எழுத வருவது பிழை கூடிய பொலிமரேசு. அந்தப் பொலிமரேசின் வழமையான தொழில் சூரிய ஒளியால் பழுதான டி.என்.ஏயைத் தாண்டி எழுதுவது. அது குறைவாயுள்ள நோயாளரின் பிறபொருளெதிரிகளில் அடினின், தைமின் மீதான விகாரங்கள் குறைந்திருப்பதை 2001இல் கண்டனர். அருகருகே இரு பட்டிகையும் அறுந்தால் மீள்சேர்க்கைக்கு வழி பிறக்கும்.

இதை மிக அழகாகக் காட்டுவது கோழி. கோழியின் இலேசான சங்கிலிக்குத் தொழிற்படும் வி துண்டம் ஒன்றே ஒன்றுதான். வெட்டி ஒட்டுவதால் அதற்குப் பெரிய இலாபம் இல்லை. ஆனால் அருகில் தாமாகத் தொழிற்படாத 25 போலித் துண்டங்கள் உள்ளன. கோழிக்குஞ்சின் கழியறைக்கு அருகிலுள்ள பப்ரிசியசுப் பையில் (பி கலத்தின் பெயரில் உள்ள 'பி' இந்தப் பையின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே) ஏஐடி அந்த ஒரே துண்டத்தைப் பழுதாக்குகிறது. கலம் பழுதைத் திருத்தும்போது போலித் துண்டங்களில் ஒன்றைப் பார்த்து எழுதிக்கொள்கிறது. இதுவும் ஒருவகை மீள்சேர்க்கையே. 2001இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு கோழிக் கல வழியில் இப்படிப் பார்த்து எழுத உதவும் பரம்பரையலகுகளை நீக்கிவிட்டனர். அக்கலங்கள் பழுதைத் திருத்தாமல் விடவில்லை. மனிதனில் நடப்பதுபோல் ஓரெழுத்து விகாரங்களைக் குவிக்கத் தொடங்கின.

மாமியின் பாஷையில் சொன்னால் துணி கிழிந்துவிட்டது. அதே பூவேலை உள்ள வேறு துண்டைப் பார்த்துத் தைக்கலாம், அல்லது கைக்கு அகப்பட்ட நூலால் தைத்துவிடலாம். முதலாவது மீள்சேர்க்கை, இரண்டாவது விகாரம். கிழித்தது ஒருவரே.

அப்படியானால் மனிதனிலும் இரு பட்டிகையும் அறுந்து, மீள்சேர்க்கையால் பொருத்தும்போது ஏற்படும் பிழைகளே விகாரத்துக்குக் காரணமா? 2000ஆம் ஆண்டளவில் பலர் அவ்வாறே எண்ணினர். விகாரமடையும் வி பரம்பரையலகுகளில் முறிவுகள் காணப்பட்டதும், ஈஸ்ட்டில் முறிவை மீள்சேர்க்கையால் திருத்தும்போது அருகிலுள்ள இடங்களில் விகாரம் பன்மடங்கு கூடுவதாக 1995இல் காட்டப்பட்டிருந்ததும் அதற்கு வலுச்சேர்த்தன. இன்று பெரும்பாலானோர் ஏற்பது, மனிதனில் ஓரெழுத்து விகாரத்தின் முதன்மை வழி யுராசிலும் அதன் பிழையான திருத்தமுமே, முறிவு அதற்குக் கட்டாயமில்லை என்பதாகும். எனக்கும் கோழிச் சோதனையைப் பார்த்தபின் அதுவே சரியாகப் படுகிறது. மீள்சேர்க்கையை முடக்கியபோது விகாரம் குறையவில்லை, கூடியது. அது தாயாக இருந்திருந்தால் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் சகோதரிகள் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு ஆபத்தான கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு உடல் எப்போதும் தப்பிவிடுவதில்லை. ஏஐடி தவறான இடத்தில் வெட்டும்போது 8ஆம் நிறமூர்த்தத்திலுள்ள மிக் என்னும் வளர்ச்சிப் பரம்பரையலகு 14ஆம் நிறமூர்த்தத்தின் பிறபொருளெதிரிப் பரம்பரையலகோடு ஒட்டிவிடலாம். ஓயாமல் வேலைசெய்யும் இடத்தில் போய் ஒட்டுவதால் கலம் நிற்காமல் பிரியும். ஆபிரிக்கச் சிறுவர்களில் அதிகம் காணப்படும் பேர்க்கிற்றுப் புற்றுநோய் இவ்வாறே தோன்றுகிறது. கத்தரிக்கோலே இல்லாவிட்டாலோ? ஏஐடி பழுதான பிள்ளைகளின் குருதியில் ஐஜிஎம் நிறைய இருக்கும், ஐஜிஜி இராது. பிறபொருளெதிரி இருந்தும் அது திறமையாவதில்லை. நிணநீர்க்கணுக்கள் வீங்கிப் பெருக்கும், தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும். பிறரின் குருதியிலிருந்து பெற்ற ஐஜிஜியை அவர்களுக்குத் தொடர்ந்து ஏற்ற வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு மாமியிடம் போனேன். எமது நாட்டில் 2, 4, 6 மாதங்களில் போடப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசி தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரல் அழற்சி பி, ஹிப் பற்றீரியா ஆகிய ஐந்துக்குமானது. அதில் உயிருள்ள கிருமி இல்லை. எனவே உடலுக்குள் பெருகாது, சில வாரங்களில் முளை மையமும் அடங்கிவிடும். அடுத்த ஊசி வரும்போது முன்பு தெரிவாகிய நினைவுக் கலங்கள் விழிக்கின்றன. அவற்றுள் சில மீண்டும் முளை மையத்துக்குள் புகுந்து மேலும் மாறி, மேலும் வடிகட்டப்படுகின்றன. இடைவெளி விடுவதும் அதற்காகவே.

மாமி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப முதல் ஊசி அளவெடுக்கிறது, ரெண்டாவது வெட்டுறது, மூணாவது போட்டுப் பாத்துத் திருத்துறது, அப்படியா?" என்றார். முழுவதும் சரியில்லை. ஒவ்வொரு ஊசியிலும் மூன்றுமே நடக்கின்றன. ஆனாலும் என் கொப்பியிலிருந்த "விரைவானது, செறிவு கூடியது" என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

"அப்ப ஒன்பது மாசத்துல போடுற ஊசி உடனே ரெண்டாவது இல்லாம மூணு வயசுலதானே வருது?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டார். அது அம்மை, கூவைக்கட்டு, ருபெல்லாவுக்கான ஊசி. அதிலுள்ள வலுவிழந்த உயிர்வைரசு உடலில் சில நாட்கள் தானே பெருகுவதால் ஒரு தடவையிலேயே பெரும்பாலானோரில் நல்ல தூண்டற்பேறு கிடைக்கிறது, தவறிய சிலருக்காகவே இரண்டாவது என்றேன். கேட்டுவிட்டு, "இதுக்கு மட்டும் உடனே பதில் வருது" என்று சிரித்தார்.

காய்ச்சலைப் பற்றிக் குடும்பநல மாதுவிடம் முதலில் சொல்லி, அவர் சொன்னபடி செய்ய வேண்டும் என்பதையும் உம்மா எடுத்துச் சொன்னார். அடுத்த கிளினிக் நாளில் மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். குறித்த திகதிக்கு மூன்று வாரம் பிந்தித்தான் அந்த ஊசி போடப்பட்டது. கொப்பியில் திகதியை எழுதும்போது மாது என்னைப் பார்த்து, "பிந்தினாலும் பரவாயில்ல, முதல்ல இருந்து தொடங்கத் தேவையில்ல" என்றார். நினைவுக் கலங்கள் இருக்கின்றனவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தரம் 13, உயிரியல் விஞ்ஞானப் பிரிவு